இனித்த மார்ஃபின்

பம்பாய் மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்தின் படி ஏறும்போது இரண்டாவது மாடியிலேயே அவருடைய குரல் கேட்கும். அதைக் கத்தல் என்று சொல்ல முடியாது. எண்ணெய் காணாத கதவை யாரோ மெல்ல மெல்லத் திறப்பது போல, ஒரே சுருதியில் நீண்டுகொண்டே இருக்கும். மூன்றாவது மாடியில் கதவைத் தட்டினால் அவர் மனைவி வந்து திறப்பார். வாசலில் கோலம் போட்டிருக்கும், சமையலறையிலிருந்து காபி மணம் வரும். அந்தக் குரல் மட்டும் இல்லையென்றால் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருந்த எத்தனையோ நல்ல வீடுகளில் அதுவும் ஒன்று.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, தாராவியில் அக்கா வீட்டில் தங்கி, வீடு வீடாகப் போய் ஊசி போடும் வேலை பார்த்து வந்தேன். மாட்டுங்காவில் ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு மராட்டி டாக்டர்தான் எனக்கு வீடுகளைச் சொல்லி அனுப்புவார். தமிழ் நோயாளிகளோடு பழகிப் பழகி அவருக்கு ஒரு மாதிரித் தமிழ் வந்திருந்தது.

"இந்தக் கேஸ் கஷ்டம் இருக்கு, சிஸ்டர்," என்றார். "ரயில்வே ஆபீஸ் ஆள். ரிட்டயர் ஆயிடுச்சு. கேன்சர் முதுகு எலும்புல போயிடுச்சு. நாம வலி மட்டும் பார்க்கணும்."

அந்தத் தம்பதியை நான் மாமா, மாமி என்றே கூப்பிட்டேன். மாமாவுக்கு அறுபது இருக்கும். ஒரே மகள் கல்கத்தாவில். வீட்டில் இவர்கள் இருவர்தான். என் திருநெல்வேலிப் பேச்சு மாமிக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். "எப்படி இருக்கீய மாமி?" என்று நான் கேட்டால், அவ்வளவு கஷ்டத்திலும் உதட்டோரம் லேசாக அசையும்.

வலி மருந்துகளைப் பற்றி நான் படித்தது நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் வரும். மீதியை அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

நான் போவதற்கு முன்னால் மாமா மாதக்கணக்கில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கிறார். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் உலகமே சாப்பிடும் மாத்திரைதானே என்று, டாக்டர் நாலு சொன்னால் இவர் பன்னிரண்டு விழுங்கியிருக்கிறார், அதுவும் வெறும் வயிற்றில். ஒரு நாள் தார் போலக் கறுப்பாக வெளிக்குப் போனது. பிறகு காபி வண்டல் மாதிரி வாந்தி. மாத்திரை இரைப்பையை அரித்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. டாக்டர் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டுக் கோடீன் கொடுத்தார். அபினிலிருந்து வருகிற மருந்துதான், ஆனால் வீரியம் குறைவு. வலி கொஞ்சம் அடங்கியது, குடல் சுத்தமாக நின்றுபோனது. ஒன்பது நாள் மலம் இறங்காமல் வயிறு பலகையாக இருந்த நிலையில்தான் நான் முதலில் அவரைப் பார்த்தேன். எனிமா கொடுத்ததுதான் அந்த வீட்டில் என் முதல் வேலை. அப்புறம் பெத்திடின் ஊசி. பிரசவத்திலும் ஆபரேஷனிலும் பெரிய உபகாரம் செய்கிற மருந்து. ஆனால் இரண்டரை மணி நேரத்தில் அதன் பலம் தீர்ந்துவிடும். தீர்ந்த அடுத்த நிமிடம் மாமா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்.

கடைசியில் மார்ஃபின்.

அந்தக் காலத்தில் அது சின்னக் கண்ணாடிக் குழலில் இருபது மாத்திரைகளாக வரும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரைகள். விழுங்குவதற்கு அல்ல. கொதித்த தண்ணீரில் கரைத்து, கண்ணாடி சிரிஞ்சில் இழுத்து, தோலுக்கடியில் போட வேண்டும். காலை ஏழு மணி, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஏழு என்று மூன்று வேளையும் நான் போனேன். நடுவில் ராத்திரிக்கு வேண்டுமென்றால் கொடுக்கச் சொல்லி, மிச்சமிருந்த கோடீன் மாத்திரைகளை டாக்டர் மாமியிடமே விட்டிருந்தார். மார்ஃபின் குழலும் அவர்கள் வீட்டு இரும்பு அலமாரியில்தான் இருந்தது. அதைத் தாராவிக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவர எனக்குப் பயம்.

முதல் ஊசி போட்டு இருபது நிமிடத்தில் அந்தக் குரல் நின்றது. மாமி சமையலறையிலிருந்து ஓடி வந்தார். குரல் நின்றதும் அவருக்கு வேறு பயம்.

"நன்னா இருக்கேன்டீ," என்றார் மாமா. "வலி இருக்கு. ஆனா வேற யாருக்கோ வலிக்கறாப்ல இருக்கு."

ஒரு மாதம் அப்படிப் போயிற்று. மாமா பேப்பர் படித்தார். ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். வாய் உலர்ந்தது, மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தார், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. எல்லாம் மார்ஃபினின் வழக்கமான குணங்கள்தான். வழக்கத்தில் சேராத ஒன்றும் இருந்தது. ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியில் ஒருவர் வந்து உட்காருகிறார் என்று மாமா சொல்ல ஆரம்பித்தார்.

"யாரு மாமா?" என்று கேட்டேன்.

"தெரியலை. கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட கோட்டு. மடியில குடை. குடையிலேர்ந்து தண்ணி சொட்டறது." அப்புறம் சமையலறைப் பக்கம் பார்த்து, "கீழே துணியைப் போடேன்டீ, தரையெல்லாம் ஈரமாறது," என்றார்.

அது மார்ச் மாதம். பம்பாயில் மழை பெய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாமி துணியை எடுத்து வந்து உலர்ந்த தரையைத் துடைத்தார்.

டாக்டரிடம் சொன்னேன். "சில பேருக்கு அந்த மாதிரி தெரியும். கெட்டது பேசுதா? இல்லைதானே? அப்ப விடுங்க," என்றார்.

ஏப்ரல் நடுவில் படியேறும்போது மறுபடியும் அந்தக் குரல் கேட்டது.

கட்டி வளர்ந்திருக்கும், பழைய அளவு போதவில்லை என்று நினைத்தோம். டாக்டர் ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். பலன் இல்லை. மூன்றாக்கினார். மாமாவின் குரல் இன்னும் உயர்ந்தது. அதோடு புதிதாக ஏதேதோ வந்தது. அழாமலே கண்ணில் நீர் வழிந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. ஏப்ரல் வெயிலில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, அவர் கை முழுக்க மயிர் சிலிர்த்து, உரித்த கோழித்தோல் மாதிரி நின்றது. கால்கள் தாமாகவே உதைத்துக்கொண்டன. நோய் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று கவலைப்பட்டேன்.

"இப்பல்லாம் அவர் வர்றதே இல்லை," என்றார் மாமா ஒரு நாள், நாற்காலியைக் காட்டி.

மாமி மாறிப்போயிருந்தார். முன்பெல்லாம் நான் சிரிஞ்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர், இப்போது கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கணவர் துடிப்பதைச் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. மூக்கு நுனியை விரலால் தேய்த்தபடி இருப்பார். உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகும். பாவம், தூக்கம் இல்லை, பழகியும் போய்விட்டது என்று எண்ணினேன்.

ஒரு மத்தியானம் நான் போனபோது கதவு சாத்தாமலே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமி தரையில் குந்தி, பிரம்பு நாற்காலியின் அடியில் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி உலர்ந்திருந்தது, தரையும் உலர்ந்திருந்தது. துடைத்து முடித்து எழுந்து, ஒரு டம்ளர் காபியை நாற்காலியின் கைமேல் வைத்து, "ஆறிடப்போறது, எடுத்துக்கோங்கோ," என்றார்.

மாமா கட்டிலில் விழித்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு குரலை அடக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்துக் காட்டினார், பேசாதே என்று.

அந்த அறையில் திரை போட்டு அரையிருட்டாக இருந்தது. மாமி திரும்பி, "வாங்கோ சிஸ்டர்," என்றபோது அவர் கண்ணைப் பார்த்தேன். இருட்டில் விரிய வேண்டிய கண்மணிகள் புள்ளியாகச் சுருங்கியிருந்தன. கட்டிலுக்குப் போய் மாமாவைக் குனிந்து பார்த்தேன். மூன்று மாத்திரை வாங்குகிறவருடைய கண்மணிகள் அகலமாக விரிந்து கிடந்தன. இரண்டு பேரும் உடம்பை மாற்றிக்கொண்டது போல இருந்தது.

அந்த நிமிடமே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பாதி புரிந்தது என்பதுதான் உண்மை. ஆனால் புரிந்ததை ஏற்க மனம் வரவில்லை. திரையின் நிழலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு மரியாதையான குடும்பம், அவ்வளவு சுத்தமான வீடு. நானோ தாராவியிலிருந்து வருகிறவள். கேள்வி கேட்கிற இடத்தில் என்னை வைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்றும் ஊசியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, காலையில் போகும் வழியில் டாக்டர் ஒரு புதுக் குழலை என் கையில் கொடுத்தார். பழையதில் நாலைந்து மாத்திரைதான் மிச்சம் இருந்தது. நான் போனபோது மாமி சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தார். அலமாரியைத் திறக்கச் சொல்லி அவரை எழுப்புவானேன் என்று புதுக் குழலையே உடைத்து, மூன்று மாத்திரையைக் கரைத்துப் போட்டேன்.

பஞ்சை எடுத்து வைத்து, சிரிஞ்சைக் கழுவி, மாமாவின் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு முடிப்பதற்குள் கால்மணி ஆகியிருக்கும். அப்போதுதான் உறைத்தது, வீட்டில் சத்தமே இல்லை. அவர் முகத்தைத் திருப்பினேன். உதடு நீலமாக இருந்தது. கண்மணி புள்ளியாகிவிட்டது. மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு ஐந்து. அடுத்த நிமிடம் நான்கு.

"மாமா! மூச்சு விடுங்க!" என்று காதருகே கத்தினேன்.

விட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. மறுபடி கத்தினேன், மறுபடி விட்டார். மார்ஃபின் மிஞ்சினால் அப்படித்தான் ஆகும் என்று படித்திருக்கிறேன். மூச்சு விடத் தெரியாமல் போவதில்லை, விட வேண்டும் என்பது மறந்துவிடும். யாராவது சொன்னால் கேட்பார்கள். படித்ததை நேரில் பார்ப்பது வேறு. என் வாய் ஓய்ந்தால் அந்த மனிதர் செத்துவிடுவார்.

"மாமி! டாக்டரைக் கூப்பிடுங்க! ஓடுங்க!"

மாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "நன்னாத் தூங்கறார். எழுப்பாதீங்கோ, சிஸ்டர். பாவம்." பிறகு நாற்காலியைப் பார்த்து, யாரிடமோ ஒத்துக்கொள்வது போலத் தலையசைத்தார்.

கட்டிலை விட்டு நகர முடியாது. ஒரு கையால் மாமாவின் தோளைக் குலுக்கியபடி, மறு கையால் ஜன்னல் கதவைத் தள்ளி, கீழே பார்த்துக் கூவினேன். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் காதில் விழுந்து, அவர் யாரையோ டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிடமும், "விடுங்க மாமா, இன்னொண்ணு, இன்னொண்ணு," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. ஜெபம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஜெபத்துக்கு நடுவில் அவர் மறந்துவிட்டால் என்று பயந்து அதையும் சொல்லவில்லை.

மார்ஃபினை முறிக்கிற ஊசி ஒன்று டாக்டரிடம் இருந்தது. அவர் அதை நரம்பில் மெல்ல ஏற்ற ஏற்ற, மாமாவின் உதடு வெளிறி, பிறகு சிவந்தது. மூச்சு பத்து, பன்னிரண்டு என்று ஏறியது. கூடவே வலியும் திரும்பியது. அந்தப் பழைய குரலைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதது அன்று ஒரு நாள்தான்.

டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ரெண்டு வாரமா மூணு மாத்திரை போகுது. உடம்பு பழகியிருக்கணும். இன்னைக்கு ஏன் இப்படி?"

நான் மாமியின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். மாமி தடுக்கவில்லை. பழைய குழலிலிருந்து ஒரு மாத்திரையைக் கரண்டியில் போட்டுத் தண்ணீர் விட்டேன். கரையும்போது சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. இருபது நாளாக அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தண்ணீரின் சூடு என்று நினைத்தேன். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். மார்ஃபின் எட்டியாகக் கசக்கும். இது இனித்தது.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவர் காபிக்குச் சமையலறையில் ஒரு புட்டி சாக்கரின் இருந்தது, நுரைத்துக் கரையும் இனிப்பு மாத்திரை. அதே வெள்ளை, ஏறக்குறைய அதே அளவு. மாமாவின் கண்ணீரும் கொட்டாவியும் சிலிர்ப்பும் மார்ஃபின் திடீரென்று நின்றதால் வந்தவை. டாக்டரும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே உட்காராதீர்கள் என்று சொல்ல என் வாய் திறந்து மூடியது.

மாமி சாயங்காலம்தான் பேசினார்.

"முதல்ல அந்த ராத்திரிக் கோடீன் மாத்திரைதான் போட்டுண்டேன். இவர் கத்தறச்சே என் காதுக்குள்ள என்னமோ பண்றது, சிஸ்டர். ஓடவும் முடியலை, உக்காரவும் முடியலை. ஒண்ணு போட்டுண்டேன். கத்தறது கேட்டுது, ஆனா பக்கத்தாத்துல யாரோ கத்தறாப்ல இருந்தது. அது தீர்ந்ததும் குழல்லேர்ந்து ஒண்ணு எடுத்தேன். குறையறது உங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னு அதுக்குப் பதிலா சாக்கரின் ஒண்ணு போட்டேன். நாளைக்கு எடுக்கக் கூடாதுன்னு தினம் நினைப்பேன். எடுக்கலைன்னா உடம்பெல்லாம் முறுக்கும், வயத்தைப் புரட்டும். நான் கெட்டவ இல்லை, சிஸ்டர்."

கெட்டவர் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொள்ள அன்று என்னால் முடியவில்லை.

மறுநாள் மாமாவிடம் தனியாகக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஊசி போட்டா வாய் உலர்ந்து போகும். ஒரு நாள் உலரலை. அன்னிக்கே தெரியும். அவ குழல்ல மாத்திரையை மாத்தறதையும் பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?" என் குரல் உயர்ந்துவிட்டது. அறுபது முறை அந்த மெலிந்த கையில் சாக்கரின் தண்ணீரை ஏற்றியிருக்கிறேன். ஊசி குத்திய இடமெல்லாம் கன்றியிருந்தது.

"கோவம் வராம இல்லை. சில மத்தியானம் அவளைக் கொன்னுடலாம்னு தோணும். எழுந்துக்க முடியாது, அதனால அவ பொழைச்சா. ஆனா நான் கத்தறதை என்னால நிறுத்த முடியலையே. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கேக்காம இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்." பிறகு, "அவளைப் போலீஸ்ல கொடுத்துடுவேளா?" என்று கேட்டார்.

டாக்டர் போலீசுக்குப் போகவில்லை. "தப்பு என்னோடதும் இருக்கு. மருந்து ஏத்திக்கிட்டே போனேன், அவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்க்கலை," என்றார். மாமாவுக்கு மார்ஃபினை ஆரம்பத்திலிருந்து, பாதி மாத்திரையாகத் தொடங்கினோம். இடையில் விட்டுப்போன உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதை அந்தக் காலைக்குப் பிறகு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாமிக்குச் சட்டென்று நிறுத்தவில்லை. டாக்டர் எழுதித் தந்த கணக்குப்படி, நானே என் கையால் வாயில் போட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே வந்தேன். குழலை இனி வீட்டில் வைப்பதில்லை. தாராவிச் சந்துகள் வழியாக அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள். ஒருவருக்கு ஏற்றிக்கொண்டும் மற்றவருக்கு இறக்கிக்கொண்டும் ஐந்து வாரம்.

மாமிக்கு அது சுலபமாக இருக்கவில்லை. வியர்த்துக் கொட்டும், நடுங்குவார், "இன்னிக்கு மட்டும்" என்று கெஞ்சுவார். ஒருமுறை என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், இருவரும் ஒரே நேரத்தில் தூங்குவதைப் பார்த்தேன். மாமா கட்டிலில், மாமி கீழே பாயில், ஒரு கை மட்டும் மேலே கட்டில் விளிம்பில்.

முதல் மழை பெய்த வாரத்தில் மாமா போய்விட்டார். வலியால் துடிக்காமல், மனைவி தெளிவாக விழித்துக் கூட இருக்கும்போது போனார். மீதியிருந்த மாத்திரைகளை டாக்டரும் நானும் தண்ணீரில் கரைத்துப் பாத்திரம் துலக்கும் அங்கணத்தில் ஊற்றினோம். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்தார். பிறகு தானே குழாயைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீர் விட்டார்.

வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் செம்பூரில் தம்பி வீட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் கோவண்டியில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒருமுறை அங்கே போனேன். தம்பி மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமி கொஞ்சம் சதை போட்டிருந்தார். அடை வார்த்துக் கொடுத்தார். கல்கத்தா மகளுக்குக் குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னார். அந்த மூன்று மாதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கிளம்பும்போது என்னோடு பஸ் ஸ்டாப்வரை நடந்து வந்தார். அவர் வலது கை மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பில் கீறல் விட்டிருக்கிறதாம்.

"வலிக்குதா மாமி?" என்று கேட்டேன். "டாக்டர் ஏதும் மாத்திரை தரலையா?"

"தரேன்னார். வேண்டான்னுட்டேன்," என்றார். "ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்கறது. எனக்குத்தான் வலிக்கறது, சிஸ்டர். அது நன்னாத் தெரியறது."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். இடது கையால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மாமி வெயிலில் மெதுவாக வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.